படத்தைப் படம் எடுத்த ஊர்

செய்யூர் வட்டம்
2 ஜூலை 2023

பிரியமுள்ள தம்பி ஜெபாவுக்கு, அக்கா சாராள் எழுதிக்கொள்வது. தோத்திரம்.

நேற்று நீ டில்லியிலிருந்து போன் செய்தாய். நான் "ஹலோ" என்றேன், நீயும் "ஹலோ" என்றாய், அப்புறம் இருவரும் மாற்றி மாற்றி அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். இதற்கு எதற்கு ரீசார்ஜ்? தபால்காரர் நம் தெருவுக்கு இன்னமும் வருகிறார். எழுதிவிடுகிறேன்.

நீ எப்படியிருக்கிறாய் என்று கேட்டாய் போலிருக்கிறது. நன்றாக இருக்கிறேன். நீ அங்கே எதிர்க்கட்சி எம்.பி. கோமளம் மேடத்துக்குப் பேச்சு எழுதிக்கொடுக்கிறாய். நான் இங்கே நூறு நாள் வேலையில் போட்டோ பிடிக்கிறேன். பணித்தளப் பொறுப்பாளர் என்பது பெயர்தான். பெண்கள் கால்வாயைத் தூர் வாருகிறார்கள், நான் காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று அவர்களைப் படம் எடுத்து, டில்லிக்காரர்கள் கொடுத்த ஆப்பில் ஏற்றுகிறேன். படம் ஏறினால் வேலைக்கு வந்ததாக அர்த்தம். ஏறாவிட்டால் எவ்வளவு மண் சுமந்தாலும் வரவில்லை என்றுதான் அர்த்தம். காசியம்மாள் முதல் நாளே கேட்டுவிட்டாள்: "இன்னாடி சாரா இது, மூஞ்சிக்குக் கூலியா, மண்ணுக்குக் கூலியா?"

சிக்னல் இருந்தால்தான் அந்த ஆப் படமே எடுக்கும். சிக்னலோ, டவர் மேட்டில் மட்டும்தான் வரும். டவர் மேடு என்றதும் நீ பெரிதாக நினைத்துவிடாதே. சவுக்குத்தோப்புக்குள் இருக்கிற மணல் மேடுதான், டவர் ஒன்றும் கிடையாது. தெற்கத்திக் காற்று அடித்தால்தான் ஒரு கோடு வரும் என்று எங்களோடு மண் சுமக்கிற வேண்டா அடித்துச் சொல்கிறாள். நான் அதை நம்புவதில்லை. ஆனால் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

ஜெபா, அந்த மேட்டின் மேல் நிற்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. படத்தை அனுப்பியதும் போனில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அது சுற்றி முடிகிறவரை யாரும் பேசமாட்டோம். மேலே சவுக்கு இரைகிறது, அந்தப் பக்கம் கடல் இரைகிறது, எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது. மணலெல்லாம் வெள்ளை வெயில். அப்போது எனக்குத் தோன்றும்: போகாமல் நின்றுபோன படங்களெல்லாம் எங்கே இருக்கும்? கடலுக்கு மேலே எங்கேயோ எங்கள் ஊர்ப் பெண்கள் மண்வெட்டியோடு வரிசையாக நின்றுகொண்டே இருப்பார்களோ? இறங்கி வா என்று யாராவது கூப்பிட வேண்டுமோ? சிரிக்காதே.

இன்னொன்று, உனக்கென்பதால் எழுதுகிறேன். காசியம்மாளுக்கு முழங்கால் மேடு ஏறவில்லை. தினம் இரண்டு தடவை எல்லோரையும் மேட்டுக்குக் கூட்டிப்போனால் வேலையும் நடக்கவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டு ஜெனிட்டாவின் போனை வாங்கி, கால்வாயிலேயே எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்துவிடுகிறேன். அப்புறம் நான் மட்டும் மேடு ஏறி, அவள் போனில் இருக்கிற படத்தை என் போனால் படம் எடுத்து ஏற்றிவிடுகிறேன். படத்துக்குப் படம்! வட்டம் சுற்றுகிறது, பச்சை விழுகிறது. எல்லோரும் வந்திருந்தார்கள், எல்லோரும் வேலை செய்தார்கள், காசியம்மாளின் முழங்காலும் பிழைத்தது. உன் அக்காவுக்கு மூளை இருக்கிறதா இல்லையா, சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


புது டில்லி
29 ஜூலை 2023

பிரியமுள்ள அக்கா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் இங்கே இல்லை, அந்த மேட்டின் மேல்தான் நிற்கிறேன். ஒரு மதியம் ஆபீஸ் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டது. கனவில் பாராளுமன்றத்தின் வளைந்த தாழ்வாரத்தில் நம் ஊர்ப் பெண்கள் வரிசையாக நடந்து வருகிறார்கள். காலெல்லாம் ஈரச் சேறு. காவலர் பாஸ் கேட்கிறார். காசியம்மாள் பெரியம்மா முந்தானையை அவிழ்த்து ஒரு பிடி மண் எடுத்துக் காட்டுகிறார். காவலர் வழி விடுகிறார். விழித்த பிறகும் தரையில் சேறு இருக்கிறதா என்று பார்த்தேன்.

இப்போது நல்ல செய்தி. நேற்று மேடம் சபையில் கிராம வேலைத் திட்டத்தைப் பற்றிப் பேசினார். நான் எழுதிய பேச்சு! வேலைக்கென்று ஒதுக்கும் பணத்தைக் குறைத்துவிட்டீர்கள், கொடுக்கிற கூலியையும் தாமதமாகக் கொடுக்கிறீர்கள், இப்போது ஏழைப் பெண்ணின் உழைப்பை நம்பாமல் அவள் படத்தை நம்புகிறீர்கள் என்று அரசாங்கத்தை வாங்கு வாங்கென்று வாங்கினார். அதுவரை சபை பாதி தூக்கத்தில்தான் இருந்தது. அப்புறம் சொன்னார்: "கடலோரத்தில் ஓர் ஊர். அங்கே சிக்னல் இல்லை. அதனால் பெண்களைப் படம் எடுத்து, அந்தப் படத்தை மறுபடியும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புகிறார்கள். நீங்களும் கூலி கொடுக்கிறீர்கள். உங்கள் கண்காணிப்பின் லட்சணம் இதுதான்!"

அக்கா, அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். எங்கள் வரிசை முழுக்க மேஜையைத் தட்டியது. ஆளுங்கட்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, "எந்த ஊர் என்று சொல்லத் தயாரா?" என்று சவால் விட்டார். மேடம் கொஞ்சமும் தயங்கவில்லை. நான் குறிப்பில் எழுதிவைத்திருந்தேன். "செய்யூர் வட்டம். வந்து பாருங்கள்!" என்றார். மறுபடியும் மேஜை. மூன்று பத்திரிகைகளில் வந்திருக்கிறது. ஒன்றைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன்.

நம் ஊர் டில்லிவரை வந்துவிட்டது, அக்கா. நீதான் கொண்டுவந்தாய். உடனே பதில் எழுது.

உன்
ஜெபா


கூடுவாஞ்சேரி
21 ஆகஸ்ட் 2023

பிரியமுள்ள அக்காவுக்கு,

இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. கூட்டத்தொடர் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. செருப்பு மட்டும் வெளியே கிடந்தது. சாயங்காலம்வரை நின்றேன். வேண்டா அக்கா அந்தப் பக்கமாகப் போனார். "அக்கா எங்கே?" என்று கேட்டேன். என்னைப் பார்க்காததுபோலப் போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் ஜெனிட்டாதான் சொன்னாள். "ஒனக்குத் தெரியாதாண்ணே? ஜீப்புல ஆபீசருங்க வந்தாங்க. போலிப் போட்டோன்னு சொல்லி சாராக்காவ வேலைய வுட்டு எடுத்துட்டாங்க. விசாரண முடியறவரிக்கும் ஊருக்கே வேல கெடயாது. பொம்பளைங்கல்லாம் வேற வேல தேடிகினு திரியறாங்க" என்றாள்.  அடுத்து வந்த பஸ்ஸில் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

நான் சொல்வதைக் கேள், அக்கா. எங்கள் விமர்சனத்தில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தவறு அந்தத் திட்டத்தை இப்படி நடத்துகிறவர்களுடையது. சிக்னல் இல்லாத ஊரில் படம் கேட்டது அவர்கள். கேள்வி கேட்டவர்களைப் பழிவாங்குகிறார்கள் என்றால் அது எதிர்க்கட்சியின் குற்றமா? மேடம் மந்திரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நிச்சயம் நல்லது நடக்கும்.

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். மேடையில் பேசுவதுபோல இருக்கிறது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தால், வேறு எழுத வரவில்லை.

ஒரு வரியாவது எழுது.

ஜெபா


செய்யூர் வட்டம்
3 செப்டம்பர் 2023

ஜெபசிங்குக்கு,

நீ வந்து நின்றது தெரியும். பின்பக்கமாகப் போய் சவுக்குத்தோப்பில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கால் சுட்டது. நீ தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்ததையும் பார்த்தேன். எழுந்து வரலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். வரவில்லை.

ஒரு வரி கேட்டாய். ஒரு வரியில் அடங்காது.

ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலேயிருந்து காகிதம் வந்தால் வரத்தானே வேண்டும். வட்டம் முழுக்க ஏற்றிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் படம் ஒன்றில் ஓரத்தில் ஒரு போனின் விளிம்பு தெரிகிறது, அதற்குப் பக்கத்தில் என் கட்டைவிரல். "இது ஒங்க வெரலா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். என் விரலை என் விரல் இல்லை என்று சொல்ல எனக்கு வராது.

பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு வேலைக்கு வந்தீர்களா என்று கேட்டார்கள். காசியம்மாளுக்குத்தான் நாக்கு நீளமாயிற்றே. "நா வந்தேனா இல்லியான்னு என்ன ஏன்யா கேக்கற? கால்வாயப் போயி பாரு. அது தானா ஆழமாயிடுச்சா?" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ. கால்வாய்ப் பக்கம் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வேலையை நிறுத்திவிட்டார்கள். காசியம்மாள் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்துகொடுக்கப் போகிறாள், அந்த முழங்காலோடு. வேண்டாவுக்கு அதுவும் அமையவில்லை, வேர்க்கடலை வயல்களில் கூப்பிட்டால் போகிறாள், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கிறாள். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் நான் உட்கார்ந்த பாயிலிருந்து எழுந்து வேறு பாய்க்குப் போகிறாள். என் வேலை போனதுகூட எனக்குப் பெரிதில்லை, ஜெபா. அந்தப் பாயில் நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேனே, அதுதான் தாங்கவில்லை.

உன் மேடம் பேசியது பொய் என்று நான் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை. டில்லியில் உட்கார்ந்துகொண்டு இந்த ஊர் மேட்டில் சிக்னல் இருக்கிறதா என்று தெரியாமல் சட்டம் போட்டவர்களைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் டில்லியில் உட்கார்ந்துகொண்டு நீயும் எங்களைக் கேட்கவில்லையே. அவர்கள் எங்கள் படத்தை எடுத்துக்கொண்டார்கள், நீ எங்கள் கதையை எடுத்துக்கொண்டாய். அவர்களாவது எடுப்பதற்கு முன் வரிசையில் நில் என்று சொன்னார்கள்.

இப்போதெல்லாம் மதியத்தில் தூக்கம் வருகிறது, வேலை இல்லாதவர்களுக்கு வருகிற தூக்கம். நேற்றுக் கனவில் கால்வாய் முழுக்கத் தண்ணீர். அடியில் நிறையப் போன்கள் வெளிச்சமாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த வட்டம் சுற்றுகிறது. நான் கையை விட்டு ஒன்றை எடுக்கப் பார்க்கிறேன், வழுக்கிக்கொண்டு போகிறது. கரையில் வேண்டா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் கூப்பிடுகிறேன், எனக்கே என் குரல் கேட்கவில்லை.

இதையும் பேச்சில் வைத்துவிடாதே. நீ அனுப்பிய பேப்பர் துண்டைத் திருப்பி அனுப்புகிறேன்.

சாராள்


மாமல்லபுரம்
15 அக்டோபர் 2023

அக்கா,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதியதையெல்லாம் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கட்சிப் பயிற்சி முகாமுக்காக இங்கே வந்திருக்கிறேன். ஓட்டல் கூடத்தில் எங்களுக்கு வகுப்பு. மத்திய அரசின் கொள்கைகளை மக்கள் மொழியில் விமர்சிப்பது எப்படி என்பது தலைப்பு. அந்த வகுப்பை எடுக்க வேண்டியவன் நான். எழுந்து நின்றேன், உன் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது மணலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பின்னால் எங்கேயோ கல் தட்டுகிற சத்தம், ஒரே சீராக. இந்தக் கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே நடந்தால் கல்பாக்கம், புதுப்பட்டினம், பாலாறு, அப்புறம் நம் ஊர். ஒரே தண்ணீர்தான். வெயில் தாழ்ந்து கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே ஒரு வரிசை தெரிவதுபோல இருக்கிறது. நீ எழுதினாயே, நின்றுகொண்டே இருக்கிற பெண்கள் என்று. அவர்களை இறங்கவிடாமல் வைத்திருப்பதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

மேஜை தட்டுகிற சத்தத்துக்காகத்தான் எழுதினேன், அக்கா. ஊருக்காக எழுதினேன் என்று நானே என்னை நம்பவைத்துக்கொண்டேன். அரசாங்கத்தைக் குத்த உன் கடிதத்தைவிடக் கூர்மையாக எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கத்தியின் இன்னொரு பக்கம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு.

டிசம்பரில் அடுத்த கூட்டத்தொடர். அதே விஷயத்தை மறுபடியும் எழுப்பப்போவதாக மேடம் சொல்கிறார். வேலையை நிறுத்தியதைக் கேட்க வேண்டும் என்கிறார். அதற்கு முன் செங்கல்பட்டுக் கூட்டத்தில் உன்னை மேடையில் ஏற்றலாமா என்றும் கேட்டார். "எங்க அக்காவ ஷோவுக்கு வெக்க முடியாது மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். ஆனாலும் ஒன்று சொன்னார்: "ஜெபசிங், நான் எந்த ஊர்னு சொன்னது தப்புதான். ஆனா இப்ப நான் வாய மூடிட்டா அந்த ஊர் வேலையப் பத்தி யார் கேப்பாங்க?" 

அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று உனக்குத் தெரிந்தால் சொல். அதுவரை ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. எழுதவே கூடாது என்றால் இந்த வேலையை விட்டுவிடுகிறேன். கூடுவாஞ்சேரியில் பிழைக்க வழியா இல்லை?

ஜெபா


செய்யூர் வட்டம்
19 நவம்பர் 2023

பிரியமுள்ள தம்பி ஜெபாவுக்கு, அக்கா எழுதிக்கொள்வது. தோத்திரம்.

வேலையை விட்டுத் தொலைக்காதே. பேச்சைத் தவிர உனக்கு ஒன்றும் தெரியாது, நான் வேறு உனக்குச் சோறு போட வேண்டியிருக்கும்.

ஊரில் வேலை மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. உன் மேடம் எழுதியதாலா, ஆபீசர்களுக்கே அலுத்துப்போனதாலா, தெரியாது. மழை வலுப்பதற்குள் ஏரிக்கரையைப் பலப்படுத்த வேண்டுமாம். ஜெனிட்டாதான் இப்போது பொறுப்பாளர். படமும் அவள்தான் எடுக்கிறாள். நான் வேலை அட்டை வாங்கிக்கொண்டு கூலிக்குப் போகிறேன், பாண்டுச் சட்டியில் மண் சுமக்கிறேன். முதல் வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மேடு ஏற வேண்டியதுதான், வேறு வழியில்லை. காசியம்மாளை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொள்கிறோம். மேலே போய் நின்றதும் பழையபடி எல்லோரும் அமைதியாகிவிடுகிறோம். சாரல் முகத்தில் விழுகிறது. தோப்பு முழுக்கப் புகைபோல மங்கலாக இருக்கிறது, பக்கத்தில் நிற்பவர்கள்கூடப் பாதிதான் தெரிகிறார்கள். படத்தில் எப்படி விழுகிறோமோ. நல்ல வேளையாகக் காற்று தெற்கேயிருந்து அடித்தது.

இப்போது உன் கடிதத்தின் சங்கதி. போன வாரம் சாப்பாட்டு வேளையில், கரையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, அதை நான் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முழுசாக. மேஜை தட்டுகிற சத்தத்துக்காக எழுதினேன் என்று நீ எழுதியதையும், வெட்கமாக இருக்கிறது என்றதையும் விடவில்லை. உன்னைக் கேட்காமல்தான் படித்தேன். எப்படி இருக்கிறது? நன்றாகச் சுருக்கென்று இருக்கட்டும். அதோடு நமக்குள் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

படித்து முடித்தேன். காசியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "புள்ள ரொம்ப பேஜாராத்தான் கீறான். டில்லில சோறு சரியில்ல போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சண்டை வந்தது. ஒருத்தி, இனி நம் ஊர் பேச்சே வேண்டாம், இருக்கிற வேலையும் போகும் என்றாள். இன்னொருத்தி, மேடம் மந்திரியைக் கேட்காமலிருந்தால் வேலையே திரும்பி வந்திருக்காது, மீன் மார்க்கெட்டில் நின்றே காசியம்மாளின் கால் போயிருக்கும் என்றாள். சாப்பாட்டு நேரம் முடிந்தும் பேசிக்கொண்டே இருந்தோம், ஜெனிட்டா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

காசியம்மாள்தான் முடிவைச் சொன்னாள். "பேசச் சொல்லு. ஆனா கடலோரத்துல ஒரு ஊருன்னு மொட்டையா சொல்லிகினு இருக்கக் கூடாது. இன்னார் இன்னார் கேக்கறாங்கன்னு பேரு சொல்லிக் கேக்கச் சொல்லு. எழுதினத எடுத்துகினு வந்து இங்க படிக்கட்டும். நாங்க கேட்டுட்டு சரின்னாத்தான் டில்லி." யாரும் மறுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, பாண்டை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஆக, எழுது. எழுதியதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. இந்தத் தடவை தோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளமாட்டேன். ஏரிக்கரைக்கு எல்லோரும் வருவார்கள். அவர்கள் முன்னால் நின்று படிப்பது டில்லி சபையைவிடக் கஷ்டம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பேச்சில் சொல்ல வேண்டிய பெயர்களுக்காக, கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் ஒரு காகிதத்தில் போட்டார்கள், மற்றவர்கள் பெயரை நான் எழுதினேன். ஆரம்பிக்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே என் பெயரைத்தான் எழுதப்போனேன். வந்தால் என்மேல் வரட்டும் என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் பேனாவைப் பிடித்தது.

"உன் பேரு அப்பறம். பட்டினி கெடந்தது நாங்க. எங்க பேர மொதல்ல எழுது, சாரா."

வேண்டாதான். ஆகஸ்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

அன்புடன்,
அக்கா